வசதி இல்லா சார்!

அண்ணா,

இன்று காலை மறுபடியும் தும்மினேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கக்கூட முடியாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். கீழே உங்கள் மில் ஓட ஆரம்பித்திருந்தது. மிளகாயும் தனியாவும் அரைபடும் நெடி படிக்கட்டு வழியாக ஏறி வந்து, வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் விடாமல் துரத்தியது. நீங்கள் இருந்திருந்தால் பால்கனிக்குப் போய் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். இன்று தும்மி முடித்ததும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழவும் செய்தேன். மிளகாய் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்பது ஒரு சௌகரியம்.

மில்லை மூட வேண்டாம் என்று உத்தரவு வந்துவிட்டது. அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்க வேண்டிய காகிதம். அண்ணி போட்டு வாங்கினார்.

இந்த வீட்டைப் பார்க்க நாங்கள் முதலில் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பெங்களூர் காக்ஸ் டவுனில் நாங்கள் இருந்த பின்பக்க வீட்டுக்கு வருஷா வருஷம் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். அங்கிருந்து தள்ளித் தள்ளி ஜீவனஹள்ளிக்கு வந்து சேர்ந்தோம். வந்த அன்று செவ்வாய்க்கிழமை, உங்கள் மில்லுக்கு விடுமுறை. ஷட்டர் இறக்கியிருந்தது. ஓனரம்மா மாடியைத் திறந்து காட்டியபோது ஒரு சத்தம் கிடையாது. "எவ்வளவு அமைதியான வீடு பாருங்க" என்று நானே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தோம். சாமான் இறக்கிய மறுநாள் காலையில் ஸ்டாண்டில் இருந்த டம்ளர்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதி ஆட ஆரம்பித்தன. நிலநடுக்கம் என்று மகளைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடி வந்தேன். கீழே நீங்கள் தலையெல்லாம் மாவாக, கோதுமையைக் கொட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"இன்னாம்மா, கொழந்தைய தூக்கினு எங்க ஓடற?" என்று கேட்டீர்கள்.

அன்று தொடங்கிய சண்டை. என் வீட்டுக்காரர் வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வண்டி ஓட்டுகிறவர், வெள்ளைச் சட்டைதான் யூனிஃபார்ம். துவைத்துக் காயப்போட்டால் சாயங்காலம் அது இளஞ்சிவப்பாக இருக்கும். நான் சட்டையை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவேன். மோட்டார் சத்தத்துக்கு மேல் நான் கத்துவேன், நீங்களும் கத்துவீர்கள். வருஷக்கணக்காக அந்தச் சத்தத்திலேயே நின்றதால் உங்களுக்கு மெதுவாகப் பேசவே வராது. கோயிலில்கூட நீங்கள் சாமியிடம் வேண்டிக்கொள்வது வெளியே செருப்பு வைக்கும் இடம்வரை கேட்கும். "மேல் வூட்டு மகாராணி வந்துட்டாங்கோ, மோட்டார நிறுத்துங்க" என்று கூப்பாடு போடுவீர்கள். நிறுத்தவும் மாட்டீர்கள். மறுநாள் ஒரு பொட்டலம் சத்துமாவு எங்கள் படியில் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு சண்டையையும் விடாமல் வைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு கணக்கு.

பிறகு கார்ப்பரேஷனில் இருந்து அந்த இளம் எஞ்சினியர் வந்தார். யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் இருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, படியேறப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அவர் மில்லுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னார்: "இது வசதி வலய. இல்லி மில் நடெசோ ஹாகில்லா."

மில் நடத்தக் கூடாது என்பது எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரிந்தது. ஆனால் முன்னால் வந்த அந்த 'வசதி' இருக்கிறதே, அங்கேதான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வழுக்கி விழுந்தோம். போளூரில் இருந்து வந்து இத்தனை வருஷம் ஆகியும் உங்களுக்கு எஷ்டு, பேக்கு, பேடா என்று எவ்வளவு, வேணும், வேண்டாம் அளவுக்குக் கடைக் கன்னடம்தான். எனக்குக் கிளினிக் கன்னடம். ஊசி, மாத்திரை, ஜுரம் எல்லாம் வரும். சர்க்கார் கன்னடம் இருவருக்கும் எட்டாது. இது வசதியானவர்கள் இருக்கும் ஏரியா என்று அவர் சொல்வதாக நீங்கள் நினைத்தீர்கள். உங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வசதி எல்லி சார்? வசதி இல்லா சார்! எல்லா பாடிகெ சார்!" என்றீர்கள். எல்லாரும் வாடகைக்கு இருப்பவர்கள், யாரிடம் சார் வசதி இருக்கிறது என்பது உங்கள் எண்ணம்.

அவர் மாடியைப் பார்த்தார். "மேலெ கூட?"

"மேலெ கூட சார்! யாரிகூ வசதி இல்லா!"

நானும் பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினேன், அண்ணா. நம் ஏழ்மைக்கு நானே சாட்சி என்கிற மாதிரி. அவர் நம் இருவரையும் ஒரு தினுசாகப் பார்த்தார், எதையோ எழுதிக்கொண்டார், போய்விட்டார். நம் நிலைமையைப் பார்த்து மனம் இளகிவிட்டார் என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். நானும் நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மில்லுக்குப் பக்கத்தில் இருந்த டெய்லர்தான் படித்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழையும் கன்னடத்தையும் ஒரே மூச்சில் பேசுகிறவர். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. முழுக் கட்டிடமும் வியாபாரத்துக்குத்தான் பயன்படுகிறதாம். இதில் யாருமே குடியிருக்கவில்லையாம். குடியிருப்புப் பகுதியில் இப்படி ஒரு கட்டிடம் இருக்கக் கூடாதாம்.

"யாரும் இல்லயா? நான் யாரு, பேயா?" என்று கேட்டேன்.

டெய்லர் நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். "அண்ணா, அந்த எஞ்சினியர் கிட்ட நீங்க இன்னா சொன்னீங்க?"

நீங்கள் சொன்னதைச் சொன்னீர்கள், கொஞ்சம் பெருமையாகவே. அவர் அளவுநாடாவைக் கழுத்தில் இருந்து உருவிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஐயோ குரு, கன்னடத்துல வசதின்னா குடியிருக்கிறது. வசதி வலயன்னா வீடுங்க இருக்கிற ஏரியா. நீங்க போயி மேலயும் கீழயும் யாருமே குடியில்ல, எல்லாம் வாடகைக்கு உட்ட கடைன்னு சொல்லிக்கிறீங்க" என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் வந்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் சொன்னதுல இன்னா தப்பு? வூடு மட்டும்தான் இருக்கணும், கடையே இருக்கக் கூடாதுன்னா அது வசதி உள்ளவன் ஏரியாதானே?" என்றீர்கள்.

சிரிப்பு அதோடு நின்றது. பக்கத்துத் தெருவில் அரிசிக் கடையும் சைக்கிள் கடையும் கீழே, நம்மைப் போன்ற குடித்தனங்கள் மேலே என்று இருந்த பழைய கட்டிடத்தை இடித்து, வீடுகள் மட்டும் உள்ள அபார்ட்மென்ட் கட்டியிருந்தார்கள். வாசலில் செக்யூரிட்டி, கீழே கார் நிறுத்துமிடம். அங்கிருந்த குடித்தனங்களில் ஒன்றுகூட அங்கே திரும்பி வரவில்லை. வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். என் கொழுந்தனார் வைட்ஃபீல்டுக்கும் அப்பால் போய்க் குடியிருக்கிறார். வாடகை நமக்குக் கட்டுப்படியாகும், ஆனால் வேலைக்குப் போய் வருவதிலேயே அந்த மனுஷனுக்குப் பாதி நாள் போய்விடுகிறது.

அன்று சாயங்காலம் ஓனரம்மா சர்ச்சில் இருந்து நேரே நம்மிடம் வந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "கீழ் வாடகை நல்லா வர்றதாலதான்மா மேல் வாடகைய நான் ரொம்ப ஏத்தாம வெச்சிருக்கேன். மில்லும் டெய்லர் கடையும் போயிட்டா நான் என்ன பண்றது, சொல்லு. ஒண்ணு மேல ஏத்தணும், இல்லன்னா பில்டர் கிட்ட குடுத்துட்டு என் பொண்ணு கூட போயிடணும். எனக்கும் வயசாகுது." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது அவருடைய நியாயம். ஆனால் அங்கேயே நின்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இந்த வீடு போனால் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கிளினிக் வேலை போகும், மகளின் பள்ளிக்கூடம் மாறும், நாங்களும் கொழுந்தனார் மாதிரி ஊர் எல்லைக்குப் போக வேண்டியதுதான். எந்த மில் ஒழிந்தால் நிம்மதி என்று நான் பால்கனியில் நின்று கத்தினேனோ, அந்த மில்தான் என் வீட்டு வாடகையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

ஓனரம்மா போன பிறகு டெய்லர் விளையாட்டாக, "புகார் குடுத்தது மேல் வீட்டுக்காரங்களா இருந்தா?" என்று உங்களிடம் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் சாக்கை உதறிக்கொண்டே சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன்: "அது சண்டை போட்டா என் மூஞ்சிக்கு நேரா போடும். எழுதிலாம் குடுக்காது." அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் யாரும் எனக்குத் தந்ததில்லை. நீங்கள் அதை ஒரு புகழ்ச்சியாகவே நினைத்திருக்க மாட்டீர்கள்.

விசாரணைக்கு ஆபீசுக்குப் போகும்போது என்னையும் வரச் சொன்னீர்கள். வெள்ளை வேட்டி, சட்டையெல்லாம் போட்டு, தலையில் மாவு இல்லாமல் உங்களை அன்றுதான் பார்த்தேன். முடி இவ்வளவு கறுப்பா என்று ஆச்சரியமாக இருந்தது. "டை" என்று காதோடு சொன்னீர்கள். காதோடு சொன்னதும் வராந்தா முழுக்கக் கேட்டது.

பெரிய அதிகாரி ஒரு மேடம். நம் பேப்பரைப் பார்த்துவிட்டு, அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டார். நீங்கள் எழுந்து நின்றீர்கள். டெய்லர் சொல்லிக் கொடுத்ததை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர், அங்கே போனதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு என்னைக் கைகாட்டினீர்கள். "மேடம், வசதி இதெ மேடம். இவரே நம்ம வசதி!"

இவர்தான் எங்கள் குடியிருப்பு என்று நீங்கள் சொன்னதும் அந்த அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எஞ்சினியர் தம்பிகூடச் சிரித்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நடந்த கதையைக் கேட்டார். நான்தான் திக்கித் திணறிச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் விதியை விளக்கினார். மாடியில் ஆட்கள் குடியிருந்து, கீழே அக்கம்பக்கத்துக்கு வேண்டிய சின்னக் கடை இருந்தால் அதற்கு அனுமதி உண்டாம். கடை இவ்வளவுக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது, மோட்டார் இந்த அளவுக்கு மேல் போகக் கூடாது, தெருவுக்கு அகலம் இருக்க வேண்டும். மேலே யாருமே குடியில்லை என்றால்தான் இடமே இல்லை. அதாவது மில் இருப்பதால் நான் மாடியில் இருக்க முடிகிறது, நான் மாடியில் இருப்பதால் மில் இருக்க முடிகிறது. நாம் இருவரும் அத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் கரித்துக் கொட்டியது இந்தக் கட்டிடத்துக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருக்கும்.

பிறகு மேடம் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். கீழே மில் ஓடுவதால் உங்களுக்குத் தொந்தரவு இல்லையா? நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் இருந்த பயத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நாளைக்கு அவர் நேரில் பார்க்க வந்து நிற்கும்போது என் டம்ளர்களே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். "தொந்தரவுதான் மேடம்" என்றேன். "சத்தம் உண்டு, தும்மல் உண்டு. ஆனா மில் போனா வாடகை ஏறும், நாங்க இந்த ஏரியாவிலயே இருக்க முடியாது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க, மில்லை மூடாதீங்க." எனக்கு வந்த கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொன்னேன்.  வெளியே வந்து டீக்கடையில் சொன்னீர்கள்: "அங்கயும் என்ன திட்டிட்டுதான் வந்த."

மேடம் நேரில் வந்து பார்த்தார். எங்கள் கொடியில் காயும் துணியையும் சமையலறையையும் பார்த்தார், ஸ்டாண்டில் டம்ளர் ஆடுவதை நின்று வேடிக்கை பார்த்தார். பெரிய மோட்டாரை எடுத்துவிட்டுச் சின்னது போட வேண்டும், மிஷினுக்கு அடியில் ரப்பர் வைக்க வேண்டும், இத்தனை மணிக்கு மேல் ஓட்டக் கூடாது என்றார். அந்தப் பெரிய மோட்டாரை விற்கிற அன்று நீங்கள் சாப்பிடவில்லை என்று டெய்லர் சொன்னார். சின்ன மோட்டாரில் மிளகாய் அரைய நேரம் ஆனது, காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "மேல் வூட்ல போயி கேளுங்க" என்று எல்லாரிடமும் என் மேல் பழியைப் போட்டீர்கள். ஆனால் என் டம்ளர்கள் ஆடுவது நின்றது.

உத்தரவு வரும் வரும் என்று காத்திருந்த மழைக்காலத்தில்தான் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. என் வீட்டுக்காரர்தான் வண்டியில் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணா, நீங்கள் போனதும் மில் நின்றது. நான் எத்தனையோ நாள் கேட்டு ஏங்கிய அமைதி வீடு முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு அதைச் சகிக்கவே முடியவில்லை. காலையில் என்ன மணி என்றே தெரியாது. மகள் பள்ளிக்குத் தாமதமாகப் போனாள்.

அந்த வாரங்களில் பயமும் சேர்ந்துகொண்டது. மில்லுக்கு அனுமதி கேட்டு மனு கொடுத்தவரே இல்லை, இனி அந்த மனு என்ன ஆகும்? பில்டர் ஆள் ஒருவர் வந்து தெருவில் நின்று கட்டிடத்தை அளந்துவிட்டுப் போனார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஓனரம்மா என் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தார். கடைசியில் அண்ணி போளூரில் இருந்து வந்தார். ஊரில் உங்கள் காரியமெல்லாம் முடித்து வந்தவர் ஷட்டரைத் தூக்கிவிட்டு, "எனக்கு மிஷின் ஓட்டத் தெரியும். கல்யாணமான புதுசுல நான்தான் ஓட்டினேன், இவரு சாக்கு தூக்கினாரு" என்றார். இதை நீங்கள் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லையே! மனுவை அண்ணி பெயருக்கு மாற்றிக் கொடுத்தோம். நானும் டெய்லரும் கூடவே போனோம். நீங்கள் இல்லை என்று கேட்டதும் அந்த மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அவர் சொன்ன வசதி நீங்கதானே?" என்று என்னிடம் கேட்டார்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. உத்தரவு வந்த அன்று ஓனரம்மா கேக் வாங்கி வந்தார். வாடகையை வழக்கமாக ஏற்றுகிற அளவுக்கு மேல் ஏற்றப் போவதில்லை என்று தானாகவே சொன்னார். பில்டர் ஆள் இரண்டு முறை போன் செய்தாராம், எடுக்கவில்லையாம். நாளைக்கே மனம் மாறலாம், விதி மாறலாம், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று படுத்தவுடன் தூங்கிவிட்டேன். அவ்வளவு ஆழமாகத் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பீரோ வாங்கினோம். வீடு மாறும்போது தூக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இதுவரை துணியெல்லாம் சூட்கேசிலும் அட்டைப் பெட்டியிலும்தான் வைத்திருந்தோம். கனமான இரும்பு பீரோ, ஆள் உயரக் கண்ணாடி வைத்தது. படிக்கட்டில் திரும்பவே இல்லை. கயிறு கட்டி பால்கனி வழியாகத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அண்ணி மில்லை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார். என் வீட்டுக்காரரும் டெய்லரும் மேலே இருந்து இழுத்தார்கள். கீழே நின்று கயிறு பிடித்த பீரோ கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "ஏம்மா, ஏத்திட்டோம், சரி. வூடு காலி பண்றப்போ இத எப்டி எறக்குவீங்க?"

"நாங்க காலி பண்ணமாட்டோம்!" என்றேன்.

தெருவே திரும்பிப் பார்த்தது. அண்ணி சட்டென்று என் முகத்தைப் பார்த்தார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது என் குரலே இல்லை, அண்ணா. ஓடுகிற மோட்டாருக்கு மேல் எழும்பி வருகிற உங்கள் குரல். பெங்களூருக்கு வந்த இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னபோது மில் ஓடவில்லை, அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்கவே வேண்டாம்.